குற்றவியல் இளங்கலை: சேர்வதற்கு முன் எதைப் பார்ப்பது, காலத்தோடு முடிக்க எப்படித் திட்டமிடுவது?

செந்தூல்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் மகள் கோலாலம்பூரில் ஆறாம் படிவம் முடித்து எஸ்.டி.பி.எம். என்னும் பல்கலைக்கழகப் புகுமுகத் தேர்வு எழுதியிருக்கிறாள். அடுத்துக் குற்றவியலில் இளங்கலைப் பட்டம் படிக்க வேண்டும் என்பதில் உறுதியாக இருக்கிறாள். அவளுடைய பெரியப்பா சட்டம் படிக்கச் சொல்கிறார். அத்தையோ, போலீஸ் வேலைக்குப் போவதற்கா இவ்வளவு செலவு என்று கேட்கிறார். இத்துறையில் படித்தவர்கள் எங்கள் குடும்பத்திலோ தெரிந்த வட்டத்திலோ ஒருவரும் இல்லை. இந்தப் படிப்பில் உண்மையில் என்ன கற்பிக்கிறார்கள், பட்டத்துக்கு அங்கீகாரம் உண்டா என்பதை எப்படி உறுதிசெய்வது, முடித்தபின் எங்கே வேலை கிடைக்கும் என்பவற்றை விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன். அவளும் இந்த இழையைப் படிப்பாள்.

மிண்டன்நிழல் எழுதியது:

வணக்கம் ஐயா. நான் சமூக அறிவியலில் குற்றவியலை முதன்மையாக எடுத்துப் படித்தவன். இப்போது பாயான் லெப்பாசில், ஒரு வங்கிக்காகச் சந்தேகத்துக்குரிய பணப் பரிமாற்றங்களை ஆராயும் பிரிவில் பணியாற்றுகிறேன்.

பெற்றோர் பலருக்கு இருக்கும் ஒரு குழப்பத்தை முதலில் தீர்த்துவிடலாம். தொலைக்காட்சித் தொடர்களில் வெள்ளை அங்கியுடன் இரத்தக் கறையைச் சோதிப்பவர்கள் செய்வது தடயவியல்; அதற்கு வேதியியலும் உயிரியலும் வேண்டும். யு.எஸ்.எம். (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) அந்தப் படிப்பைப் பினாங்கு மிண்டனில் நடத்துவதில்லை, கிளந்தானில் குபாங் கிரியான் சுகாதார வளாகத்தில் நடத்துகிறது, யு.கே.எம். எனும் மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்திலும் அது உண்டு. குற்றவியல் என்பது சமூக அறிவியல். குற்றம் ஏன் நிகழ்கிறது, எதைக் குற்றம் என்று சட்டம் வரையறுக்கிறது, தண்டனை என்ன பயன் தருகிறது, பாதிக்கப்பட்டவருக்கு என்ன நேர்கிறது என்பவையே அதன் கேள்விகள். 1764இல் இத்தாலியச் சிந்தனையாளர் பெக்காரியா சித்திரவதைக்கும் மரண தண்டனைக்கும் எதிராக வைத்த வாதத்தில் பாடம் தொடங்கும். குற்றவாளியை மண்டையோட்டின் வடிவத்தில் தேடிய லொம்ப்ரோசோவைக் கடந்து, குற்றத்தை நகரச் சூழலோடு இணைத்துப் பார்த்த இருபதாம் நூற்றாண்டின் சிகாகோ ஆய்வாளர்களிடம் வந்து சேரும். உங்கள் மகளுக்கு ஆய்வுக்கூடம்தான் பிடிக்கும் என்றால் இது அவளுக்கான படிப்பு அன்று.

அங்கீகாரத்துக்கு எம்.கியூ.ஏ. என்னும் மலேசியத் தகுதி முகமை நடத்தும் மலேசியத் தகுதிகள் பதிவேட்டைப் பாருங்கள். இணையத்தில் யாரும் பார்க்கலாம். அங்கே தேட வேண்டியது கல்லூரியின் பெயரை அன்று, படிப்பின் பெயரை. ஒரே கல்லூரியில் ஒரு படிப்பு முழு அங்கீகாரத்தோடும் இன்னொன்று தற்காலிக அங்கீகாரத்தோடும் இருக்கலாம். தற்காலிகம் என்பதால் அது போலி ஆகிவிடாது. புதிய படிப்புகள் எல்லாமே அப்படித்தான் தொடங்கும். முதல் மாணவர் அணி இறுதியாண்டை எட்டும்போதுதான் முழு அங்கீகாரத்துக்கான மதிப்பீடு நடக்கும். ஆனால் அந்த முதல் அணியில் உங்கள் மகள் இருக்கப் போகிறாளா என்பதைத் தெரிந்துகொண்டே பணம் கட்ட வேண்டும்.

நம் நாட்டில் குற்றவியல் என்ற பெயரை மட்டுமே தாங்கிய இளங்கலைப் படிப்புகள் குறைவு. உளவியலோடோ சமூகவியலோடோ இணைந்துதான் பெரும்பாலும் கிடைக்கும். வெளிநாட்டுப் பட்டத்தை முழுவதும் இங்கேயே படிக்கும் மூன்று கூட்டல் பூஜ்யம் முறையும் உண்டு. எனவே பெயரை விட்டுவிட்டுப் பாடப்பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். ஆய்வுமுறைக்கும் புள்ளியியலுக்கும் தனித்தனியே ஒரு பாடமாவது இல்லாத பட்டத்துக்கு நானாக இருந்தால் ஒரு ரிங்கிட்டும் கட்ட மாட்டேன்.

லைட்ஸ்திரீட் எழுதியது:

நான் ஜார்ஜ்டவுனில் குற்றவியல் வழக்குகளை நடத்தும் வழக்கறிஞன். பெரியப்பா சொல்வதில் நியாயம் இருக்கிறது. சட்டம் படித்தவருக்கு ஒரு தொழில் உரிமம் உண்டு, அவரைச் சேர்த்துக்கொள்ள ஒரு வழக்கறிஞர் மன்றம் உண்டு. குற்றவியல் இளங்கலைக்கு இந்நாட்டில் அப்படி எதுவும் கிடையாது. சட்டம் முடித்தவர் விரும்பினால் மலாயாப் பல்கலைக்கழகச் சட்டத் துறையில் குற்றவியல் நீதி முதுகலையைப் பிறகு படித்துக்கொள்ளலாம். குற்றவியல் முடித்தவர் வழக்கறிஞராக வேண்டுமென்றால் சட்டத்தை அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு கதவு இரண்டு பக்கமும் திறக்கிறது, மற்றொன்று ஒரு பக்கம் மட்டுமே திறக்கிறது என்றால், பதினெட்டு, பத்தொன்பது வயதில் எதைத் தேர்வது என்பதைப் பெற்றோர் யோசிக்க வேண்டும்.

ஜெலுத்தோங் அம்மா எழுதியது:

லைட்ஸ்திரீட் தம்பி சொல்வது வழக்கறிஞர் வேலைக்குச் சரி. நீதிமன்றத்தில் வழக்கறிஞர் மட்டுமா இருக்கிறார்? நான் சமூக நலத்துறையில் நன்னடத்தை அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றவள். செந்தூல்வாசி தம்பிக்கு அந்த வேலை எப்படிப்பட்டது என்று சொல்கிறேன்.

2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டத்தின்படி, பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளை குற்றத்தை ஒப்புக்கொண்டாலும் சிறார் நீதிமன்றம் உடனே முடிவு சொல்லிவிடாது. அந்தப் பிள்ளையின் பொது நடத்தை, வீட்டுச் சூழல், பள்ளிப் பதிவு, உடல்நல வரலாறு ஆகியவை அடங்கிய அறிக்கையை முதலில் பார்க்க வேண்டும். எழுதுபவர் நன்னடத்தை அதிகாரி. மோட்டார் சைக்கிள் திருட்டு வழக்கில் சிக்கிய ஒரு பையனை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளி வருகைப் பதிவேட்டில் மார்ச் மாதத்திலிருந்து சிவப்புக் கோடுகள் கூடுகின்றன. வீட்டுக்குப் போய்த் தாயாரிடம் பேசினால், அதே மார்ச்சில்தான் அவர் தொழிற்சாலையில் இரவு வேலைக்கு மாறியிருக்கிறார் என்பது தெரியவருகிறது. பையன் மாலையில் எங்கே சாப்பிட்டான் என்று கேட்டால், கீழே மோட்டார் பட்டறையில் இருக்கும் அண்ணன்மார்கள் வாங்கித் தருவார்கள் என்று தங்கை சொல்கிறாள். இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தெரிந்தவருடைய அறிக்கை வேறு, "குடும்பம் ஏழ்மையானது, கண்காணிப்புக் குறைவு" என்று ஒரே வரியில் எழுதி முடிப்பவருடைய அறிக்கை வேறு. பையன் நன்னடத்தைப் பிணையுறுதியோடு வீட்டுக்குப் போகிறானா, நலத்துறையின் துனாஸ் பக்தி சீர்திருத்தப் பள்ளிக்கா, சிறைத்துறையின் ஹென்றி கர்னி பள்ளிக்கா என்பதில் அந்த அறிக்கைக்குப் பெரிய பங்கு உண்டு.

ஒரு பிள்ளையைக் குடும்பத்தோடும் பள்ளியோடும் கட்டிவைக்கும் பிணைப்புகள் தளரும்போதுதான் குற்றத்துக்கு வழி திறக்கிறது என்று 1969இல் அமெரிக்கக் குற்றவியலாளர் ஹிர்ஷி எழுதினார். நான் பணியில் சேர்ந்தபோது அந்தப் பெயரே எனக்குத் தெரியாது. படித்துவிட்டு வந்திருந்தால் என் தொடக்க கால அறிக்கைகள் இன்னும் கூர்மையாக இருந்திருக்கும்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். பட்டதாரிகளுக்கான அரசுப் பணி எதுவானாலும், ஐந்தாம் படிவ எஸ்.பி.எம். தேர்வின் மலாய்மொழிப் பாடத்தில் கிரெடிட் என்னும் தேர்ச்சி நிலை இல்லாமல் நடக்காது. பட்டத்தில் முதல் வகுப்பு வாங்கிய பிறகு இதற்காக ஓடியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

செந்தூல்வாசி எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. அம்மா சொன்ன கிரெடிட் அவளிடம் இருக்கிறது. பெரியப்பாவின் வாதத்தை வழக்கறிஞர் ஐயா வலுப்படுத்திவிட்டார், ஜெலுத்தோங் அம்மாவின் பதிவைப் படித்த பிறகு மகள் இன்னும் உறுதியாகிவிட்டாள். இனிப் பணத்தைப் பற்றிக் கேட்க வேண்டும். அரசின் பி.டி.பி.டி.என். உயர்கல்விக் கடன் இதற்குக் கிடைக்குமா? சென்னையில் உறவினர்கள் இருப்பதால் அங்கே அனுப்பினால் செலவு குறையும் என்றும் ஒரு யோசனை இருக்கிறது.

மிண்டன்நிழல் எழுதியது:

பி.டி.பி.டி.என். உள்நாட்டுக் கல்விக்கான கடன். சென்னைக்கு அனுப்பினால் அது கிடையாது. உள்நாட்டிலும் படிப்புக்கு உரிய அங்கீகாரம் இருக்க வேண்டும், எஸ்.எஸ்.பி.என். என்னும் கல்விச் சேமிப்புக் கணக்கும் வேண்டும். தனியார் பல்கலைக்கழகக் கட்டணம் முழுவதையும் அக்கடன் ஈடுகட்டும் என்று கணக்குப் போடாதீர்கள். இளங்கலையில் முதல் வகுப்பில் தேறுபவர்கள் நிபந்தனைகளுக்கு உட்பட்டு, கடனைத் திருப்பிச் செலுத்துவதிலிருந்து விலக்குப் பெற விண்ணப்பிக்கலாம் என்பதை மகளிடம் முதல் நாளே சொல்லி வையுங்கள்.

சென்னையைப் பொறுத்தவரை, சென்னைப் பல்கலைக்கழகத்திலும் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் குற்றவியலுக்கு நெடுநாளாகவே தனித் துறைகள் இருக்கின்றன. பாதிக்கப்பட்டோரைப் பற்றிய ஆய்வில் பேராசிரியர் சொக்கலிங்கம் அவ்விரு இடங்களோடும் தொடர்புடைய, உலகளவில் அறியப்பட்ட பெயர். அத்துறைகளின் வலிமை முதுகலையிலும் ஆய்விலும்தான். இளங்கலையை இங்கே முடித்துவிட்டு, முதுகலைக்கு அங்கே போவது எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. இளங்கலைக்கே அனுப்புவதானால், அந்தப் பட்டம் மலேசிய அரசுப் பணிக்கு ஏற்கப்படுமா என்பதை விமானச் சீட்டு எடுக்கும் முன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பிரிக்பீல்ட்ஸ் இறுதியாண்டு எழுதியது:

நான் இப்போது இறுதியாண்டு மாணவி. செந்தூல்வாசி ஐயாவின் மகள் படிப்பதால் அவளுக்கே எழுதுகிறேன்.

தங்கையே, இந்தப் பட்டத்தைத் திட்டமிட வேண்டியது பின்னாலிருந்து முன்னோக்கி. இறுதியாண்டு ஆய்வேட்டை முதலில் நினைத்துக்கொள். முதல் இரண்டாண்டுகளில் எதை, எப்போது எடுப்பது என்பதை அது முடிவு செய்யட்டும். எனக்கு முன் படித்தவர்களில் காலத்தோடு முடிக்காதவர்கள் தேர்வில் தோற்றவர்கள் அல்லர், ஆய்வேட்டுக்கான தரவு கைக்குக் கிடைக்காமல் நின்றவர்கள்.

இதன் காரணம் இத்துறையின் இயல்பிலேயே இருக்கிறது. வணிகவியல் மாணவர் பேரங்காடி வாசலில் நின்று வினாநிரல் கொடுத்துவிடலாம். நாம் பேச விரும்புபவர்கள் சிறையிலோ, தடுப்புக் காவலிலோ, மறுவாழ்வு மையத்திலோ இருப்பவர்கள். கைதிகளிடம் பேசச் சிறைத்துறையின் அனுமதி வேண்டும், அதற்கு முன் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும், அதற்கும் முன் மேற்பார்வையாளர் உன் வினாநிரலை ஏற்க வேண்டும். ஒன்று முடிந்த பிறகே அடுத்தது நகரும். இறுதியாண்டின் இரண்டு பருவங்களுக்குள் இவ்வளவையும் அடக்க நினைப்பவர்கள் அனுமதிக் கடிதம் வரும்போது பட்டமளிப்பு விழாவைத் தவறவிட்டிருப்பார்கள்.

ஆகவே இரண்டாமாண்டு முடியும் முன்பே தலைப்பை முடிவு செய். அனுமதி தேவைப்படாத தரவிலிருந்து தொடங்கு. அப்படிப்பட்ட தரவு நிறையவே இருக்கிறது. காவல்துறைத் தரவைக் கொண்டு புள்ளிவிவரத் துறை ஆண்டுதோறும் குற்றப் புள்ளிவிவரங்களை வெளியிடுகிறது. அரசின் திறந்த தரவுத் தளத்தில் அவை காவல் மாவட்டவாரியாகவே கிடைக்கும். கோலாலம்பூரில் டாங் வாங்கி, பிரிக்பீல்ட்ஸ், செந்தூல், வங்சா மாஜு, செராஸ் என்று தனித்தனியே பார்க்கலாம். அந்த எண்களை அப்படியே எடுத்து, ஆயிரம் பேருக்கு எத்தனை குற்றம் என்று வகுத்தால் டாங் வாங்கி பயங்கரமான இடமாகத் தெரியும். அது நகர மையம். அங்கே வசிப்பவர் குறைவு, தினமும் வந்து போகிறவர் மிகுதி. வகுக்க எடுத்த மக்கள்தொகையே பொருந்தாது. குற்றம் செய்ய நினைப்பவர், ஏற்ற இலக்கு, காவல் இல்லாமை ஆகிய மூன்றும் ஓரிடத்தில் ஒரே நேரத்தில் கூடுவதே குற்றம் என்று 1979இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கோஹெனும் ஃபெல்சனும் சொன்னதை வைத்துப் பார்த்தால், அங்கே எண்ணிக்கை ஏன் உயர்கிறது என்பது விளங்கும். ஒரு நல்ல ஆய்வேட்டுக்கு இதுவே போதுமான வித்து.

நம்மவர்களைப் பற்றிய எண்களில் இந்தக் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். 2013இல் உள்துறை அமைச்சு 49 சட்டவிரோதக் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது. உறுப்பினர்கள் 40,000க்கும் மேல், அவர்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் இந்தியர் என்று அப்போது நாளேடுகள் எழுதின. உறுப்பினர் என்று யாரைக் கணக்கிட்டார்கள், சேர்ந்தவரையா, கைதானவரையா, காவல்துறைப் பதிவில் ஒருமுறை பெயர் ஏறியவரையா என்ற கேள்வியை அன்று கேட்டவர்கள் குறைவு. முத்திரை குத்தப்படுவதே ஒருவரை எப்படி மாற்றுகிறது என்று 1963இல் அமெரிக்கச் சமூகவியலாளர் பெக்கர் கேட்டது இந்த இடத்தில்தான் உறைக்கிறது. அந்த விழுக்காட்டை மேடைதோறும் சொல்லி வருந்துபவர்களுக்கும், அதை முற்றாக மறுப்பவர்களுக்கும் ஆய்வுமுறைப் பாடத்தில் ஒரு பருவம் உட்கார்ந்தால் நல்லது என்பது என் எண்ணம்.

முதலாண்டில் புள்ளியியலை எடுத்துவிடு. கடினம் என்று எல்லோரும் அதை இறுதிக்குத் தள்ளுவார்கள். தள்ளினால் ஆய்வேட்டோடு மோதும். பொதுப் பாடங்களைக் குறும்பருவங்களில் முடித்துவிடலாம்.

லைட்ஸ்திரீட் எழுதியது:

இறுதியாண்டு மாணவியின் பதிவு என் நிலைப்பாட்டைச் சற்று அசைத்திருக்கிறது என்பதை மறைக்க விரும்பவில்லை. 2013ஆம் ஆண்டு எண்ணைப் பற்றி அவர் எழுப்பிய கேள்வியை எங்கள் தொழிலில் இருப்பவர்களிடமும் நான் அதிகம் கேட்டதில்லை. தொழில் உரிமம் பற்றிய என் வாதத்தை நான் விட்டுவிடவில்லை. ஆனால் அனுமதி தேவைப்படாத தரவு என்ற பட்டியலில் நீதிமன்றத்தையும் சேர்க்க வேண்டும்.

சிறார் நீதிமன்றம் பொதுமக்களுக்கு மூடப்பட்டது. மற்றக் குற்றவியல் விசாரணைகள் பெரும்பாலும் திறந்த மன்றத்திலேயே நடக்கின்றன. ஜாலான் டூத்தாவில் உள்ள கோலாலம்பூர் நீதிமன்ற வளாகத்துக்கோ, இங்கே ஜார்ஜ்டவுன் லைட் ஸ்திரீட் நீதிமன்றத்துக்கோ நேர்த்தியாக உடுத்திக்கொண்டு காலையிலேயே போய் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் பின்வரிசையில் அமரலாம். கைப்பேசியை அணைத்துவிட்டுக் குறிப்பேட்டை வைத்துக்கொள்ளுங்கள். குற்றச்சாட்டை மொழிபெயர்ப்பாளர் வாசிக்கிறார், புரிந்ததா என்று கேட்கிறார், கூண்டில் நிற்பவர் தலையை ஆட்டுகிறார். வழக்கறிஞர் இல்லாமல் குற்றத்தை ஒப்புக்கொள்பவருக்கு இது சில நிமிடங்களில் முடிந்துவிடும். யாருக்கு வழக்கறிஞர் இருந்தார், யாருக்கு இல்லை, எந்த மொழியில் வாசிக்கப்பட்டது, தண்டனைக் குறைப்புக்கு என்ன சொன்னார் என்று நான்கு பத்திகள் போட்டுக் குறித்தாலே அது தரவு. தேசியச் சட்ட உதவி அறக்கட்டளை 2012 முதல் கைதானவர்களுக்கு இலவச வழக்கறிஞர் உதவி தருகிறது. அந்த உதவி மன்றத்தில் எந்தக் கட்டத்தில் வந்து சேர்கிறது என்பதையும் கவனிக்கலாம்.

தீர்ப்புகளைப் படிக்க விரும்பினால் இது நல்ல காலம். கட்டாய மரண தண்டனை 2023 ஜூலையில் நீக்கப்பட்ட பிறகு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகள் தங்கள் தண்டனையை மறுபரிசீலனை செய்யக் கூட்டரசு நீதிமன்றத்தை நாடும் தகுதி பெற்றார்கள். எதை வைத்து நீதிபதிகள் தண்டனையைக் குறைத்தார்கள், எதை வைத்து உறுதி செய்தார்கள் என்பதை ஆராய எந்தச் சிறைவாசலிலும் நிற்க வேண்டியதில்லை.

நிபோங் திபால் எழுதியது:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நான் ஒரு பாதுகாவல் நிறுவனத்தில் மேற்பார்வையாளர், வயது முப்பதைத் தாண்டிவிட்டது. முழுநேர வேலை பார்த்துக்கொண்டே இந்தப் பட்டத்தை மூன்றாண்டில் முடிக்க முடியுமா?

மிண்டன்நிழல் எழுதியது:

அண்ணா, எம்.கியூ.ஏ. கணக்கில் இளங்கலைக்குக் குறைந்தது 120 கிரெடிட் (படிப்பின் அளவைக் குறிக்கும் அலகு), ஒரு கிரெடிட்டுக்கு 40 மணி நேரக் கற்றல். மொத்தம் 4,800 மணி நேரம். மூன்றாண்டில் முடிக்க வாரந்தோறும் முப்பது மணி நேரத்துக்கு மேல் ஒதுக்க வேண்டும், அதுவும் விடுமுறையே இல்லாமல். பணிமுறை மாறி மாறி வரும் உங்கள் வேலையில் அது நடவாது. பகுதிநேரமாக ஐந்தாண்டு, ஆறாண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் அனுபவத்தைக் கொண்டு சேர்க்கை பெறும் ஏப்பெல் முறை இருக்கிறது; எந்தப் பல்கலைக்கழகத்தை நினைக்கிறீர்களோ அங்கேயே அதை விசாரியுங்கள்.

செந்தூல்வாசி எழுதியது:

மகள் ஒரு கேள்வி கேட்கச் சொல்கிறாள். எங்கள் வட்டாரத்தில் முன்பு கும்பல்களில் இருந்து இப்போது ஒதுங்கி வாழும் சிலரை அவளுக்குச் சிறுவயதிலிருந்தே தெரியும். அவர்களை நேர்காணல் செய்து ஆய்வேடு எழுதலாமா என்று கேட்கிறாள். அப்பாவாக எனக்குக் கலக்கமாக இருக்கிறது.

ஜெலுத்தோங் அம்மா எழுதியது:

கலக்கம் நியாயமானது தம்பி. அவர்கள் ஒதுங்கி வாழ்கிறார்கள் என்றால் அந்த ஒதுக்கத்தைக் கலைக்காமல் இருப்பதும் ஒரு மரியாதை.

பிரிக்பீல்ட்ஸ் இறுதியாண்டு எழுதியது:

தங்கையே, ஆசை நல்லது, ஆனால் இளங்கலைக்கு வேண்டாம். வழக்கறிஞரிடம் கட்சிக்காரர் சொல்வதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. ஆய்வாளரிடம் சொல்வதற்கு அப்படி எதுவும் கிடையாது. ஒருவர் பேச்சுவாக்கில் பழைய குற்றம் ஒன்றைச் சொல்லிவிட்டால், உன் ஒலிப்பதிவும் குறிப்பேடும் அவருக்கு எதிராகக் கேட்கப்படலாம். நெறிமுறைக் குழு முதலில் கேட்கப் போவதும் இதைத்தான். அவர்களுக்கு உன்னை முன்பே தெரியும் என்பதால், மறுக்க முடியாமல் ஒப்புக்கொண்டார்களா என்றும் கேட்பார்கள்.

அதே கேள்விக்கு வேறு வழியில் போகலாம். பெயர் வெளியான தீர்ப்புகளில் கும்பல் தொடர்பு எப்படி விவரிக்கப்படுகிறது என்று பார். தமிழ் நாளேடும் மலாய் நாளேடும் ஒரே கைது நடவடிக்கையை எப்படி எழுதுகின்றன என்று ஒப்பிடு. தொழிற்பயிற்சிக்கு மறுவாழ்வுப் பணி செய்யும் அமைப்பு ஒன்றில் இடம் கிடைத்தால், அங்கே எப்படிப் பேசுவது, எதைக் கேட்கக் கூடாது என்பதைக் கற்றுக்கொள். நேர்காணலை முதுகலைக்கு வைத்துக்கொள்ளலாம். பாடப்பட்டியல் கைக்கு வந்ததும் அதை இங்கே பதிவிடு; எந்தப் பருவத்தில் எதை எடுப்பது என்று வரிவரியாகப் பார்த்துச் சொல்கிறேன்.